குழுவில் உட்காரப் போகிறவரை முதலில் நாம் கேட்போம்

(எல்லைப் பகுதித் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

2025 டிசம்பரில் கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. புதிய ஆட்சிக் குழுக்கள் பொறுப்பேற்றன. மொழிச் சிறுபான்மை வார்டுகளில் ஓட்டுச் சீட்டில் தமிழும் அச்சாகி வந்தது. ஓட்டுப் போட்டோம், விரலில் மை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனோம். அத்தோடு நம் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் தேர்தலுக்குப் பிறகு இன்னொரு தேர்வு சத்தமில்லாமல் நடக்கிறது. பஞ்சாயத்தில் 'ஒர்க்கிங் குரூப்' என்று சொல்லும் பணிக்குழுக்களுக்கு ஆள் சேர்ப்பதுதான் அது. அதற்கு ஓட்டுச் சீட்டு இல்லை, மையும் இல்லை. கிராம சபை முடிகிற நேரத்தில், குழந்தை அழுகிறது என்று பெண்கள் எழுந்துகொண்டிருக்கும்போது நாலு பேர் பெயர் வாசிக்கப்படும். கை தட்டுவோம். யார் அந்த நாலு பேர், அவர்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும் என்று நம் சங்கம் முடிவு செய்து நடத்தி வருகிறது. நம் மக்களில் குழுவுக்குப் போக விரும்புகிறவர்களை முதலில் நாம் உட்கார வைத்துப் பேசுகிறோம். அதில் என்ன கேட்கிறோம், எதைக் கேட்பதில்லை, ஏன் கேட்கிறோம் என்பதை உங்கள் முன் வைப்பதே இந்தப் பேச்சின் நோக்கம்.

இந்தக் குழுக்கள் எங்கிருந்து வந்தன?

அரசியல் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-ல் அமலுக்கு வந்தன. அடுத்த ஆண்டு, 1994-ல், கேரளம் தன் பஞ்சாயத்துச் சட்டத்தையும் நகராட்சிச் சட்டத்தையும் இயற்றியது. 1996 ஆகஸ்ட் 17-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று அப்போது முடிவாயிற்று. பணம் கீழே வந்தால் திட்டமும் கீழேயிருந்து எழுத வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் பணிக்குழுக்கள் வந்தன. தண்ணீர், சுகாதாரம், கல்வி, விவசாயம், பெண்கள் குழந்தைகள் நலம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலம் என்று பொருளுக்கு ஒரு குழு. மக்கள் பிரதிநிதி ஒருவர் தலைவர். துறை அறிந்த ஒருவர் துணைத் தலைவர். அரசு அலுவலர் கன்வீனர். மீதி இடம் தாமாக முன்வரும் ஊர்க்காரர்களுக்கு. ஓய்வு பெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் அந்த நாட்களில் தொண்டர் படையாகத் திரண்டு வந்து பஞ்சாயத்துத் திட்டங்களைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

ரயில்வேயிலும் கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு உண்டு. அலுவலகத்தில் பைல் புரட்டும் எங்களில் சிலருக்கு அது தெரியும். அமைப்புகளும் எம்.பி.க்களும் சிபாரிசு செய்கிறவர்கள் அதில் நியமனம் ஆகிறார்கள். லயத்தில் இருக்கிறவர் நானும் வருகிறேன் என்று அதில் போய் உட்கார முடியாது. பஞ்சாயத்தில் அப்படி இல்லை, கதவு திறந்திருக்கிறது. திறந்த கதவு வழியாக யார் உள்ளே போகிறார் என்பதுதான் விஷயம்.

இலவசமாக உழைக்க வருகிறவரைப் பரீட்சை வைப்பதா?

இப்படிக் கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். சம்பளம் இல்லை, படி இல்லை, தன் நேரத்தைக் கொடுக்க வருகிறவரை வேலைக்கு ஆள் எடுப்பது மாதிரி கேள்வி கேட்பது மரியாதையா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலும் சொல்லியாக வேண்டும்.

குழுவில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்தால், நாம் எல்லோரும் உட்கார்ந்ததாகக் கணக்கு. அவர் வாயைத் திறக்காமல் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும், நாம் எல்லோரும் சம்மதித்ததாகக் கணக்கு. பிறகு நாம் போய், எங்கள் லயத்துக்கு ஏன் கக்கூஸ் இல்லை, எங்கள் காலனிக்கு ஏன் பைப்பு வரவில்லை என்று கேட்டால், 'உங்கள் ஆள்தான் குழுவில் இருந்தாரே, கையெழுத்தும் இருக்கிறதே' என்பார்கள். ஆள் இல்லாத நாற்காலியைக் காட்டி நாம் சண்டை போடலாம். பேசாத ஆள் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டி எப்படிச் சண்டை போடுவது?

நமக்காகப் பேசப் போகிறவரை நாம் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை மூணாறு பெண்கள் நமக்குக் காட்டினார்கள். 2015 செப்டம்பரில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தபோது, கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். முதலாளியை மட்டும் அவர்கள் கேள்வி கேட்கவில்லை. எங்களுக்காகப் பேசுகிறோம் என்று போன தலைவர்களே, நீங்கள் உள்ளே என்ன பேசினீர்கள் என்றும் கேட்டார்கள். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தாங்களே பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். போனஸ் 20 சதவீதமாகத் திரும்பி வந்தது. அடுத்த மாதம் தோட்டத் தொழிலாளர் கமிட்டியில் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. கேள்வியை ரோட்டில் வந்து கேட்கும் நிலைக்கு விடாமல், ஆளை அனுப்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்வதுதான் நாம் சொல்லும் வழி.

வெளிநாட்டு நகரங்களிலும் இது புதிதல்ல. அமெரிக்காவில் பல நகரங்களில் பூங்கா, வீட்டு வசதி, போக்குவரத்து ஆகியவற்றுக்கென ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. விருப்பம் தெரிவிக்கும் ஊர்க்காரரை நகர மன்றத்தார் நேரில் அழைத்துக் கேட்டு நியமிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் 1975-லேயே ஒரு சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் எந்தக் குழுவில் யாருடைய காலம் முடிகிறது, எந்த இடம் காலியாகிறது என்ற பட்டியலை ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31-க்குள் உள்ளாட்சிகள் வெளியிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பட்டியலைப் பார்த்தால்தானே சாதாரண ஆள் மனுப்போட முடியும்? ஆனால் அங்கே கேள்வி கேட்பது நியமிக்கும் மன்றம். இங்கே நியமிப்பது பஞ்சாயத்து, நாம் அல்ல. ஆகவே நம் கேள்வி நம் ஆட்களிடம் மட்டும்தான். தனியாகப் போகிறேன் என்று ஒருவர் போனால் தடுக்க நமக்கு உரிமை இல்லை, தடுக்கவும் மாட்டோம். சங்கத்தின் பெயரைச் சொல்லிப் போகிறவர் மட்டும் நம் கேள்விக்கு உட்காரட்டும்.

எதைக் கேட்பதில்லை?

எத்தனாவது வரை படித்தாய் என்று கேட்பதில்லை. எந்தக் கட்சி, எந்தச் சாதி, எந்தக் கோயில் என்று கேட்பதில்லை. மலையாளம் நன்றாகப் பேச வருமா என்று கேட்டு, வராதவரை ஓரம் கட்டுவதும் இல்லை.

படிப்பைக் கேட்பதில்லை என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்குப் பிளாச்சிமடையை நினைவூட்டுகிறோம். சித்தூர் தாலுகா பெருமாட்டி பஞ்சாயத்தில் 2000-ல் கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. சுற்றிலும் கிணற்றுத் தண்ணீர் கெட்டது. சோறு வேகவில்லை, குளித்தால் அரிப்பு என்று முதலில் சொன்னவர்கள் தண்ணீர் சுமந்த பெண்கள். 2002 ஏப்ரல் 22-ல் போராட்டம் தொடங்கியபோது முன்னால் நின்றவர் ஆதிவாசிப் பெண் மயிலம்மா. பள்ளிக்கூடத்துப் படிப்பு இல்லாதவர். 2003-ல் பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 'தண்ணீர்க் குழுவுக்குப் பத்தாம் வகுப்பாவது படித்தவர் வேண்டும்' என்று விதி வைத்தால் முதலில் வெளியே நிற்பவர் மயிலம்மாதான். அவர் 2007-ல் மறைந்துவிட்டார். அந்த மாதிரி ஒருவர் இன்றும் உங்கள் லயத்தில் குடத்தோடு வரிசையில் நிற்கக்கூடும்.

என்ன கேட்கிறோம்?

எல்லோரிடமும் ஒரே ஐந்து கேள்வி. மூடிய அறையில் அல்ல, முற்றத்தில், யார் வேண்டுமானாலும் கேட்கும்படி. கேட்கிற ஐந்து பேரில் இரண்டு பேராவது பெண்கள். பதிலைத் தமிழில் எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டுகிறோம்.

முதல் கேள்வி: 'உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது?' சுகாதாரக் குழு என்றால், ராத்திரி பிரசவ வலி வந்தால் எந்த வழியாக எத்தனை நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் என்போம். ஒரு சகோதரர், 'சமுதாய முன்னேற்றத்துக்காக அயராது பாடுபடுவேன்' என்றார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றோம். வீட்டில் கேட்க வேண்டும் என்றார். கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா சொன்னார்: 'பத்து வீட்டுக்கு ஒரு பைப்பு. அஞ்சரைக்கு வரும், ஆறேகாலுக்கு நின்னுரும். பிப்ரவரிக்கு மேல ஓடையிலதான் எடுக்கணும். மேல மருந்து அடிச்ச மறுநாள் அதையும் எடுக்க மாட்டோம்.' இதுதான் குழுவுக்குத் தேவையான அறிவு. இது எந்த அலுவலகத்துப் பைலிலும் தானாக வராது.

இதில் உயிரே அடங்கியிருக்கிறது, தோழர்களே. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. 70 பேரைப் பறிகொடுத்தோம். செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று. மழை பிடித்தால் எந்த லயத்துக்குப் போன் எடுக்காது, எந்தப் பாலம் முதலில் முங்கும் என்பதை அங்கே குடியிருக்கிறவர்தான் சொல்ல முடியும். பேரிடர்ப் பணிக்குழுவில் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி: 'கூட்ட நாளில் உங்கள் கூலி போகுமே, என்ன செய்வீர்கள்?' குழுக் கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில், அலுவலக நேரத்தில். சம்பளக்காரருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் அது சிரமமில்லை. நாள் கூலிக்காரருக்கு அன்றைய அடுப்பு. இந்தக் கேள்வி உண்மையில் நமக்கு. ஒருவரை அனுப்பிவிட்டு அவர் வீட்டுக் கூலியை இழக்க விட்டால், மூன்றாவது கூட்டத்துக்கு அவர் போக மாட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதையும் இருக்காது.

இதோடு சேர்ந்த ஒரு கேள்வியை நாங்கள் பெண்களிடம் கேட்பதில்லை. கூட்டத்துக்குப் போனால் வீட்டில் யார் சோறு ஆக்குவது என்ற கேள்வி அது. அதை வீட்டுக்காரரிடம் கேட்கிறோம். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் கேட்கப் பதில் சொல்லச் சொல்கிறோம். 2009-ல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று கேரளம் வைத்தது. வீட்டுக்குள் அந்தச் சட்டத்தை நாம்தான் அமல்படுத்த வேண்டும்.

மூன்றாவது கேள்வி: 'எந்த விஷயம் வந்தால் உங்களால் வாய் திறக்க முடியாது?' இது கஷ்டமான கேள்வி. நன்றாகப் பேசக்கூடிய, மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். கூடப்பிறந்த தம்பி பஞ்சாயத்து ரோடு வேலை கான்டிராக்ட் எடுக்கிறவர். கேட்டதும் மறைக்காமல் சொன்னார். அவரை மராமத்துக் குழுவுக்கு அனுப்ப முடியாது என்றோம். கோபித்துக்கொண்டு எழுந்து போனார். நேர்மையாகச் சொன்னவரை அனுப்பாதது நியாயமா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. அவர் யோக்கியர்தான். ஆனால் தம்பி போட்ட ரோடு பெயர்ந்தால், அண்ணன் என்ன சொல்வார் என்று ஊர் பார்க்குமே, அந்தச் சங்கடத்தில் அவரை ஏன் நிறுத்த வேண்டும்? கல்விக் குழுவுக்குக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். இன்னும் வரவில்லை. வந்தால் வரவேற்போம்.

நான்காவது கேள்வி: 'மலையாளத்தில் எழுதிய மினிட்ஸை நீட்டினால் என்ன செய்வீர்கள்?' சிலர், 'எல்லாரும் போட்டா நானும் போட வேண்டியதுதான்' என்பார்கள். சரியான பதில் ஒன்றுதான்: வாசித்துச் சொல்லுங்கள், பிறகு போடுகிறேன். இது அடாவடி இல்லை, நம் உரிமை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ல் வந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியில் பெறலாம் என்கிறது அது. குறை தீர்க்க மனுக் கொடுப்பதானால் மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. அதே நேரம் மலையாளத்தைப் பகைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. பக்கத்து வீட்டு மலையாளத் தொழிலாளிக்கும் அதே பைப்புத்தான். நம் பிள்ளைகள் இரண்டு எழுத்தும் படிக்கட்டும். அதுவரை வாசித்துக் காட்டச் சொல்ல வெட்கப்படாதவரே நமக்கு வேண்டும்.

ஐந்தாவது கேள்வி: 'கூட்டம் முடிந்ததும் யாரிடம் வந்து சொல்வீர்கள்?' மெம்பரிடம், செயலாளரிடம் என்று பலர் சொல்கிறார்கள். எங்களுக்கு வேண்டிய பதில் வேறு. பைப்படியில் சொல்வேன், சம்பள நாளில் லயத்து வாசலில் சொல்வேன் என்பதுதான் அது. சித்தூர் பக்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவர் இந்த இடத்தில் எங்களையே திருப்பிக் கேட்டார்: 'நாஞ் சொல்றதை ஆபீசர் ஒத்துக்கலீன்னா, தோத்துட்டுத்தானுங்க வரோணும். அப்ப என்னைய வெய்ய மாட்டீங்களே?' வைய மாட்டோம் என்று ஐந்து பேரும் சொன்னோம். அதையும் புத்தகத்தில் எழுதி வைத்தோம்.

அவர் கேட்டது சரி. ஏனென்றால் இந்தக் குழுக்கள் ஆலோசனைதான் சொல்லும். உத்தரவு போடாது. பிளாச்சிமடையின் பின்கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-ல் 216.26 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்குக் கொடுத்தது. 2011-ல் சட்டசபை இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. பணம் மக்கள் கைக்கு வரவில்லை. அப்படியானால் குழு வீணா? இல்லை. 'தண்ணீர் கெட்டதற்கு என்ன ஆதாரம்' என்று இனி யாரும் அந்த மக்களிடம் கேட்க முடியாது. எழுதி வைத்த கணக்கு போராட்டத்துக்குக் கிடைத்த ஆயுதம். ஆனால் ஆயுதம் தானாகச் சண்டை போடாது. குழுவில் ஒருவர் பேச, வெளியே நூறு பேர் நிற்க வேண்டும்.

தோட்டப் பகுதியில் இது இன்னும் கடினம். லயம் கம்பெனி நிலத்தில் இருக்கிறது, நாங்கள் எப்படிச் செலவு செய்வது என்று பஞ்சாயத்து கேட்கும். நீங்கள் பஞ்சாயத்து ஓட்டர்தானே என்று கம்பெனி கேட்கும். வீடு, குடிநீர், மருத்துவம் தோட்ட உடைமையாளர் பொறுப்பு என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இந்த இரண்டு பேர் நடுவில் பந்தாக உருளாமல், 'யார் செய்வீர்கள் என்று இந்தக் கூட்டத்திலேயே எழுதுங்கள்' என்று கேட்கக்கூடியவரைத்தான் தேடுகிறோம்.

தேர்வாகாதவரை என்ன செய்வது?

அவரும் நம்மவர். காரணத்தை அவர் முகத்துக்கு நேரே, அன்றே சொல்ல வேண்டும். பின்னால் பேசக் கூடாது. தண்ணீர் நேரம் தெரியாத அந்தச் சகோதரர் இப்போது தம் வார்டில் வீடு வீடாகப் போய்ப் பைப்புக் கணக்கு எடுக்கிறார். அடுத்த முறை அதே கேள்வியை அவரிடம் கேட்போம். யாருக்கும் இந்த முற்றம் ஒருமுறையோடு மூடப்படாது.

இன்று நாம் முடிவெடுக்க வேண்டியவை மூன்று.

ஒன்று: கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், வார்டு வாக்காளரில் பத்தில் ஒருவர் வந்திருக்க வேண்டும் என்பது சட்டம். நகராட்சியில் இருக்கிறவர்களுக்கு வார்டு சபை. கூடுவதற்கு 15 நாள் முன்பே, குழுவுக்குப் போக விரும்புகிறவர்கள் சங்கத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கேள்வி முற்றத்தில் நடக்கும், எல்லோரும் வாருங்கள்.

இரண்டு: கூட்டத்துக்குப் போகிறவரின் ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் சங்கம் கொடுக்க வேண்டும். இதற்கு மாதம் குடும்பத்துக்கு 10 ரூபாய் நிதி. ஒரு டீக்காசு. கணக்கு ஒவ்வொரு மாதமும் இந்த இதழில் வரும்.

மூன்று: எந்தப் பணிக்குழுவில் யார் இருக்கிறார்கள், எந்த இடம் காலி என்ற பட்டியலைப் பஞ்சாயத்து நோட்டீஸ் போர்டில் தமிழிலும் ஒட்டக் கோரி மனு. மனு தமிழிலேயே போகும். எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் எழுந்து அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.